யாக் இருக்கட்டும் அய்யா, மொதல்ல ‘அண்டர்’ சொல்லிக்குடுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வாரத்துக்கு ஒருக்க சின்னப் பிள்ளையளுக்கு பத்து இங்கிலீஷ் வார்த்தை படத்தோட ஒரு கட்டத்துக்குள்ள போடுதீங்கல்லா, அத நான் விடாம வெட்டி எங்க வீட்டு தார்சா செவுத்துல சோத்துப் பசை தடவி ஒட்டி வச்சிருக்கேன், இதுவரைக்கும் 22 கட்டம் ஆயிட்டு. நல்ல காரியம் தான், குத்தம் சொல்லணும்னு எழுதல. ஆனா போன வாரம் இக்லூ, யாக், சைலோபோன், வால்நட், குவில்ட்னு வந்துச்சு பாருங்க, அதுல கெளம்புன பேச்சு இன்னும் எங்க தார்சாவுல ஓயல, அதான் இந்த லெட்டர். நீளமா போயிட்டுன்னா நீங்களே வெட்டிக்கோங்க.

நான் முக்கூடல் பக்கம். பன்னெண்டாவது முடிச்சேன், அதுக்கு மேல வீட்டுல விடல, பீடி சுத்த உக்காந்தாச்சு. 2021ல கவர்மெண்டு இல்லம் தேடிக் கல்வின்னு கொண்டு வந்தாவல்லா, ப்ளஸ் டூ முடிச்சவங்க சின்ன கிளாஸ் பிள்ளையளுக்கு சாயங்காலம் சொல்லிக்குடுக்கலாம், மாசம் 1000 ரூவான்னாவ, அதுல சேந்து பழகிட்டு. அந்தப் பழக்கம் விடாம இப்பவும் அஞ்சு மணிக்கு மேல பதினாலு பிள்ளைய எங்க வீட்டுக்கு வருது. அந்த நேரத்துல புகையிலைத் தூளு இருக்கிற சொளவ, அதான் முறத்த, உள்ள வச்சிட்டு இலை மட்டும் வெட்டுவேன், கை அது பாட்டுக்கு ஓடும், வாய் சும்மா தான கெடக்கு. பிள்ளைய எவனும் இலையத் தொடக்கூடாது, அது மட்டும் எங்க வீட்டுச் சட்டம்.

விஷயத்துக்கு வாரேன். ரெண்டாங்கிளாஸ் பொடியன் ஒருத்தன் உங்க கட்டத்தப் பாத்துட்டு, டீச்சரக்கா யாக்குன்னா என்னன்னு கேட்டான். இமயமலைப் பக்கம் இருக்கிற மாடுலே, மேலெல்லாம் முடி தொங்கும்னேன். அப்ப நம்ம மாட்டுக்கு? கவ். அது பசுவுக்கு, காளைக்கு? புல், வண்டி இழுக்கிற காளைன்னா ஆக்ஸ். எருமைக்கு? பஃபலோ. கிடேரிக்கு? இங்கன மாட்டிக்கிட்டேன் பாத்துக்கோங்க. அவன் வீட்டுல ரெண்டு எருமையும் ஒரு பசுவும் ஒரு கிடேரியும் நிக்கு, காலைல அவன் தான் அதுக்கு தண்ணி காட்டிட்டு ஸ்கூலுக்குப் போவான். ஃபோன எடுத்துத் தேடி ஹெஃபர்னு கண்டுபிடிச்சு சொன்னேன். அந்த ஹெஃபர் அவனுக்கு இனி சாகுற வரைக்கும் மறக்காது, யாக்க மறுநாளே மறந்துட்டான், கேட்டா ‘முடி மாடு’ங்கான்.

சரி, பிள்ளைய எங்கேருந்து ஆரம்பிக்குன்னு பாப்போம்னு ஒரு சோலி பண்ணேன். வீட்டுல தெனம் வாயில வர்ற இங்கிலீஷ் வார்த்தைய எல்லாம் நோட்டுல எழுதிட்டு வாங்க, தமிழ் எழுத்துல எழுதினாலும் சரி, நாளைக்கு இந்நேரம் கொண்டாரணும்னு வெரட்டி விட்டேன். மறுநாள் வந்த கூட்டத்தப் பாக்கணுமே, ஒரே சண்டை, நான் எழுதினத அவன் பாத்து எழுதிட்டான்னு. அடுப்பங்கரையில மட்டும் கேஸ், ஸ்டவ், டியூப், லைட்டர், குக்கர், விசில், கேஸ்கட், மிக்ஸி, ஜாரு, கிரைண்டர், ப்ரிட்ஜ், பிளேட்டு. பஸ்ஸுல கண்டக்டர், டிக்கெட், சேஞ்ச், ஸ்டாப்பு, ஸ்டெப்னி. எங்க பீடி வேலையிலயே கம்பெனி, பண்டல், லேபிள், பாஸ்புக், பி.எஃப்பு. ஒரே வார்த்தைய ரெண்டு பேர் எழுதினத அடிச்சிட்டு எண்ணிப் பாத்தா 263 வந்துச்சு அய்யா! ஏ பி சி டி முழுசா தெரியாத பிள்ளையும் அதுல இருக்கு.

அதுல கொஞ்சம் கழிஞ்சு போச்சு, அது வேற கதை. எங்க வளவுல ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர் இருக்காவ, நோட்டெல்லாம் வாங்கிப் பாத்துட்டு சிரிச்சாவ. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி இதெல்லாம் இங்கிலீஷும் இல்ல தமிழும் இல்ல, போர்ச்சுகீசுக்காரன் விட்டுட்டுப் போனதுன்னாவ. துட்டு டச்சுக்காரனோடதாம். கக்கூஸும் டச்சுக்காரனோடது தான்னு சொன்னதும் பிள்ளைய உருண்டு உருண்டு சிரிக்கு, அன்னைக்குப் பாடம் அவ்வளவு தான். நம்ம வார்த்தையும் அங்க போயிருக்குன்னு சொன்னாவ, கட்டுமரம் கேட்டமரான் ஆயிட்டு, மிளகுத்தண்ணி முல்லிகடானி ஆயிட்டு, சுருட்டு செரூட் ஆயிட்டு. பீடி சுத்துற வீட்டு வாசல்ல வச்சு சுருட்டு இங்கிலாந்து வரைக்கும் போயிருக்குன்னு கேட்டா சும்மாவா இருக்கும், எனக்கே ஒரு மாதிரி பெருமையா தான் இருந்துச்சு.

இப்ப தான் நான் சொல்ல வந்தது. அந்த 263ல கழிஞ்சது போக மீதிய மறுபடி உக்காந்து பாத்தேன், முக்காவாசிக்கு மேல பொருளுக்கு பேரு. நாம இங்கிலீஷ்லேருந்து பேர மட்டும் தான் கடன் வாங்குதோம். பஸ்ஸ வாங்கிட்டோம், ஆனா பஸ்ஸுல, பஸ்ஸுக்கு, பஸ்ஸ விட்டு, பஸ்ஸுக்குப் பொறத்தாலன்னு வாலு எல்லாம் நம்ம வாலு. கால் பண்ணு, லோடு பண்ணு, கேன்சல் பண்ணுன்னு அதுலயும் பண்ணு நம்மளோடது. அதனால இன், அண்டர், ஃப்ரம், டு, வித், பிஃபோர், ஆஃப்டர், ஹூ, வென், வேர் இதெல்லாம் எந்த வீட்டுலயும் புழங்காது, புழங்கவும் வேண்டாம், தமிழுக்கு அது தேவையில்ல. சுவிட்சு புண்ணியத்துல ஆன், ஆஃப் ரெண்டும் வந்திருந்துச்சு, கிரிக்கெட் புண்ணியத்துல அவுட்டு, நாட் அவுட்டு, ஓவர். அவ்வளவு தான் ஒட்டுற வார்த்தை. செங்கல் மலை மாதிரி குமிஞ்சு கெடக்கு, சாந்து ஒரு சட்டி கூட இல்ல. இதுல நீங்க வாரா வாரம் இன்னும் பத்து செங்கல் எறக்குதீங்க, அதுவும் இக்லூ கட்டுற ஐஸ் செங்கல்!

எம்மவ டீச்சர் ட்ரெயினிங் படிக்கா. அவ கிட்ட இத சொன்னதுக்கு, நீ புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலம்மா, இது 1936லயே ஆயிட்டுன்னா. அமெரிக்காவுல டோல்ச்சுன்னு ஒரு புரொபசர் சின்னப் பிள்ளைய வாசிக்கிற புஸ்தகங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைய எடுத்து 220 வார்த்தைக்கு ஒரு லிஸ்டு போட்டிருக்காரு, அதுல ஒண்ணு கூட பேர்ச்சொல் கெடையாதாம், பேர்ச்சொல் 95 தனி லிஸ்டாம். அதுக்கும் முன்னால 1930ல ஆக்டன்னு ஒரு இங்கிலாந்துக்காரர், அன்னாடப் பேச்சுக்கு 850 வார்த்தை போதும்னு பொறுக்கி எடுத்தாராம், அதுல வினைச்சொல் எத்தன தெரியுமாங்கா. நான் ஒரு இரநூறு இருக்கும்னேன். 18 தான். கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், சீம், டேக், பி, டூ, ஹேவ், சே, சீ, செண்ட், மே, வில். எண்டர்னு தெரியலன்னா என்ன, கோ பக்கத்துல இன் போட்டா போச்சு. வாசல்ல நிக்கிற பிள்ளைக்கு கோ இன்னா போதும்லா. அந்த 18லயும் சீம்ங்கிற ஒண்ண இந்தப் பிள்ளையளுக்கு எப்படி சொல்லிக்குடுக்கன்னு எனக்கு இன்னும் புரியல, அத வச்சிட்டு மத்ததப் புடிச்சிக்கிட்டேன்.

இது சும்மா படிப்பு விஷயம்னா நான் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். எங்க அம்மைக்கு சுகரு. நாலு வருஷத்துக்கு முந்தி டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி காமிச்சு மாத்திரை வாங்கிட்டு வந்தோம், ரெண்டு கவரு, ஒண்ணுல பிஃபோர் ஃபுட், இன்னொண்ணுல ஆஃப்டர் ஃபுட்னு சுருக்கி எழுத்து மட்டும் போட்டிருந்தாவ. நான் பீடி கொண்டு குடுக்கப் போயிட்டேன். அம்மைக்கு எழுத்து தெரியாது, பக்கத்து வீட்டு அஞ்சாங்கிளாஸ் பிள்ளையக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிருக்காவ. அது ஒரு கவர பி.எஃப்புன்னு வாசிச்சிருக்கு, அம்மை ஏட்டி மாத்திரைக்கு எதுக்குட்டி பி.எஃப்புன்னு கேட்டுருக்காவ! முப்பது வருஷம் பீடி சுத்துன பொம்பளைக்கு பி.எஃப்புன்னா கம்பெனில புடிக்கிற துட்டு தான. அப்புறம் சீட்டுல பெருசா எழுதினத அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டி பிஃபோர் ஃபுட், ஆஃப்டர் ஃபுட்னு தப்பில்லாம வாசிச்சிட்டு. ஃபுட்னா சாப்பாடுன்னும் தெரிஞ்சிருக்கு. பிஃபோர்னா முன்னாலயா பின்னாலயான்னு தான் தெரியல, ரெண்டும் சாப்பாட்டு மாத்திரை ஆச்சின்னு சொல்லிட்டு வெளையாடப் போயிட்டு. மறுநாள் வெள்ளன அம்மை வெறும் வயித்துல தின்னக்கூடாததத் தின்னுட்டு, பத்தர மணி வரைக்கும் சாப்பிடாம தண்ணிக் கொடத்தோட பைப்படியில நின்னு, வேர்த்து விறுவிறுத்து அங்கனயே சாஞ்சிட்டாவ. அக்கம்பக்கத்துல சீனி கரைச்சுக் குடுத்து எழுப்புனாவ. அந்தப் பிள்ளைய நான் ஒரு வார்த்தை சொல்லல. அது நல்ல படிக்கிற பிள்ளை, அது ஸ்கூல் நோட்ட வாங்கிப் பாத்தேன், ஹிப்பொபொட்டமஸுக்கு ஸ்பெல்லிங் இருவது தடவை இம்பொசிஷன் எழுதி, பக்கத்துல சிவப்பு மையில வெரிகுட் போட்டிருக்கு. நீர்யானை நம்ம ஆத்துல வந்து குளிக்கப் போகுதாக்கும்.

அன்னைக்கு தான் பிஃபோர் ஆஃப்டர் என் பாடத்துல மொத இடம் புடிச்சிச்சு. நாட் அதுக்கு அடுத்தாப்புல. பேங்க்லேருந்து வர்ற மெசேஜ்ல டூ நாட் ஷேர்னு இருக்குல்லா, அதுல ஷேர் எல்லாருக்கும் தெரியுது, ஷேர் ஆட்டோ தெரியும், ஃபோன்ல படம் ஷேர் பண்ணத் தெரியும், அந்த நாட்ட விட்டுட்டா அர்த்தம் தலகீழால்லா போயிருது. கிரிக்கெட்ல நாட் அவுட்டுன்னா என்னலே? அவுட்டு இல்ல. அப்ப டூ நாட் ஷேர்னா? சொல்லாத. இத ஒரு நிமிஷத்துல புரிஞ்சிக்கிட்டானுவ. அவனுவ வாயில கெடந்த வார்த்தை தான, புதுசா ஒண்ணும் ஊட்டல.

இன் ஆன் அண்டருக்கு நான் வச்சிருக்கிறது ஒரு சொளவு, ஒரு டம்ளரு, என் கத்தரி. வேர் இஸ் தி டம்ளர்னு கேப்பேன். ஆன் தி சொளவு. டம்ளர சொளவுக்கு அடியில தள்ளுவேன், அண்டர் தி சொளவு. சொளவுக்கு இங்கிலீஷ் என்னக்கான்னு கேட்டா இப்ப வேண்டாம்லே, சொளவு சொளவாவே இருக்கட்டும், வாக்கியம் சரியா வந்தா போதும்னுருவேன், இதுக்கு எம்மவ என் கூட சண்டை போடுவா, நான் விட்டுக்குடுக்கல. கத்தரிக்கு மட்டும் ஒரு தகராறு வந்துச்சு, ஒரு கத்தரி தான இருக்கு எதுக்கு சிசர்ஸ்னு ஸ் போடணும்னு. கத்தரிய விரிச்சுக் காமிச்சேன், எத்தன அலகு? ரெண்டு. பேண்ட்டுக்கு எத்தன காலு? அதுக்கப்புறம் ஒரு பய தப்பா சொல்லல.

ரொம்ப வெளங்காம நின்னது நம்ம போடு தான். எங்க ஊர்ல எதயும் போடலாம். லைட்டப் போடு, சட்டையப் போடு, மாத்திரையப் போடு, டீயப் போடு, கோலம் போடு, சண்டை போடு, கோழி முட்டை போடும், சோறு போடு, பூட்டப் போடு. பிள்ளைய எல்லாத்துக்கும் புட்னு எழுதிருச்சு. புட் தி லைட், புட் தி டீ, ஹென் புட் எக். சிரிச்சாலும் அதுல ஒரு ஞாயம் இருக்குல்லா, புட்னா போடுன்னு தான நாம சொல்லிக்குடுத்தோம். அத ஒரு நாள் பூரா பிரிச்சுப் போட்டோம், லைட்டுக்கு சுவிட்ச் ஆன், சட்டைக்கு வேர், மாத்திரைக்கு டேக், டீக்கு மேக், கோலத்துக்கு டிரா, சண்டைக்கு ஃபைட், முட்டைக்கு லே, சோத்துக்கு சர்வ், பூட்டுக்கு லாக். வேர்ங்கிறது எங்கேன்னும் வருது சட்டை போடுறதுக்கும் வருதேன்னு ஒருத்தி கேட்டா, எழுத்து வேற சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுன்னேன். அதே மாதிரி இங்கிலீஷ்காரங்க பக்கத்துலயும் இருக்கு, நம்ம நெல்லு, அரிசி, சோறு மூணுக்கும் ரைஸ்னே ஓட்டிருதாவ, நெல்ல மட்டும் தனியா சொல்லணும்னா பேடின்னுக்கிடுதாவ. சித்தி, அத்தை, பெரியம்மை, மாமி நாலு பேரும் ஆண்ட்டி. வெவசாயமும் சொந்தமும் நெறஞ்ச ஊர்ல இது எப்படிப் போதும்.

அப்புறம் பசிக்கு, வலிக்கு. எனக்கு வயிறு வலிக்குன்னு சொல்லுதோம், இங்கிலீஷ்ல வயித்து வலிய நான் வச்சிருக்கேன்னு ஹேவ் போட்டு சொல்லணும், ஆனா பசிக்கு மட்டும் ஐ ஆம் ஹங்ரி. இது தெரியாம பிள்ளைய ஐ ஆம் ஃபீவர்னு லீவு லெட்டர் எழுதுது. நான் தான் காய்ச்சல்னா வாத்தியார் பயப்பட மாட்டாவளா! மேலுக்கு சொகமில்லன்னா ஐ ஆம் நாட் வெல், இத ஒண்ண சொல்லிக்குடுத்தா எல்லா நோவுக்கும் ஆச்சு, அதுலயும் அந்த நாட் இருக்கு பாத்துக்கோங்க.

பாளையங்கோட்டையத் தென்னிந்தியாவோட ஆக்ஸ்போர்டுங்காவ, எங்க ஊர்லேருந்து பஸ் ஏறுனா கொஞ்ச நேரத்துல போயிரலாம். அங்க படிச்சவங்க வாயில இங்கிலீஷ் தண்ணி மாதிரி ஓடும், சந்தோசம் தான். அந்தத் தண்ணி எங்க தெருப் பைப்புக்கு வரணும்னா மொதல்ல பைப்பு வேணும்லா. அந்தப் பைப்பு தான் இந்த சின்ன வார்த்தைய எல்லாம்.

அதனால கேக்குதேன், அந்தக் கட்டத்துல பத்துல ஒரு மூணு பேரா போடுங்க, மீதிய ஒட்டுற வார்த்தையும் செய்யிற வார்த்தையுமா போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் எங்க வீட்டுல இருக்கிற மாதிரி ஒரு வாக்கியத்தோட. பூனை கட்டிலுக்கு அடியில, சைக்கிள் வேப்பமரத்துக்குப் பக்கத்துல, அப்பா வேலைலேருந்து வாராவ, இப்படி. படமும் அங்கேருந்து எடுத்து ஒட்டாம நம்ம பக்கத்துப் படமா இருந்தா நல்லது, ஃபயர்பிளேஸ் பக்கத்துல பூனை படுத்திருந்தா எங்க பிள்ளைய பூனைய விட்டுட்டு அது என்ன அடுப்புன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திரும். யாக்க அடியோட நிறுத்த வேண்டாம், பொடியனுக்கு முடி மாடு புடிச்சிருக்கு, மாசத்துக்கு ஒண்ணு அந்த மாதிரி வந்தா வெளையாட்டா இருக்கும். நுங்குக்கு ஐஸ் ஆப்பிள்னு ஒரு பேரு இருக்குல்லா, அத ஒரு நாள் ஏ ஃபார் ஆப்பிளுக்குப் பக்கத்துல போட்டுப் பாருங்க, எங்க ஊர்ல பேப்பர் பறந்துரும்.

இன்னொண்ணு, உச்சரிப்ப தமிழ் எழுத்துல போடுதீங்கல்லா, அதுல ஃபேனுக்கும் பேன்னு போட்டிருக்கீங்க, வறுக்கிற சட்டிக்கும் பேன்னு போட்டிருக்கீங்க. எங்க வீட்டுல பேன்னா தலையில ஊருறது. மேல சுத்துறதுக்கு அந்த ஆய்த எழுத்தச் சேத்து ஃபேன்னு போட்டுருங்க, ஒரு புள்ளிக்கூட்டம் தான அய்யா கூட ஆகும். கட்டத்துல எழுத்தும் கொஞ்சம் பெருசா வேணும், ஆறு மணிக்கு மேல கரண்டு கம்மியா வரும், பல்பு மினுக் மினுக்குன்னு எரியும், பின்னால உக்காந்திருக்கிற மூணு பிள்ளையளுக்கு செவுத்துல ஒட்டினது தெரியல, எழுந்து எழுந்து வந்து பாக்குதுவ.

இப்படிக்கு,
பீடி சுத்துற ஒரு அம்மா,
முக்கூடல் பக்கம், திருநெல்வேலி மாவட்டம்